சிவப்பா, பச்சையா

சேசு மரி சூசை

கயத்தாறு
10.11.2024

அன்புள்ள விஜிலாவுக்கு ரெக்சன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகமா? மாலத்தீவுக்குப் போன அப்பா தோணி திரும்பி வந்ததா?

எங்கள் கோச்சிங் ஹாஸ்டலில் போனுக்கு அனுமதி இல்லை. மாணவர்கள் கடிதம் எழுதலாம். போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் வார்டன் எஸ்றா சார் அன்போடு படித்துப் பார்ப்பார். அதனால் எழுத்துப்பிழை வராது.

கட்டபொம்மன் கடைசியாக இருந்த ஊரில் நானும் இருப்பது பெருமையாக உள்ளது. காலையில் இட்லி தருகிறார்கள். அந்த இட்லியால் எங்கள் பற்கள் வலுப்படுகின்றன. எங்களுக்கு வரப்போவது கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு என்பதால் ஒரு நல்ல கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. யாரையும் உள்ளே விடாததால் மிகவும் சுத்தமாக இருக்கிறது. நாங்கள் தினமும் காகிதத்தில் பென்சிலால் வட்டம் கறுப்பாக்கிப் பழகுகிறோம்.

இங்கே வாடையே இல்லை. எந்நேரமும் கச்சான்தான். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அம்மாவுக்கு என் முத்தம். நீ சண்டை போடாமல் இரு.

இப்படிக்கு,
ரெக்சன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
22.11.2024

அன்புள்ள தம்பிக்கு அக்கா விஜிலா எழுதுவது. ஆமாம், தம்பிதான். இரட்டைப் பிள்ளையென்றாலும் முதலில் வெளியே வந்தவள் நான். நலமா என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். நான் நலமில்லை. பி.காம். படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிளஸ் டூவில் கணக்கில் யாருக்கு மார்க் அதிகம்? பிசிக்ஸில்? கப்பல் ஆபீசராக வேண்டும் என்று நம் இரண்டு பேரில் யார் கேட்டது? நீ பந்து விளையாடினால் போதும் என்று இருந்தவன். உன்னைப் பிடித்துக் கோச்சிங்கில் போட்டுவிட்டு என்னை லேடீஸ் காலேஜில் தள்ளிவிட்டார் அப்பா. போன வாரம் தோணி வந்தது. மறுபடியும் கேட்டேன். "பொம்பள கால் பட்டா தோணியே வெளங்காது, கப்பல் மட்டும் வெளங்குமாக்கும்? போளா, போய் அம்மைக்குத் தண்ணி எடுத்துக் குடு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை வைத்த சத்தம் பனிமய மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

எஸ்றா சார், நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஸ்தோத்திரம். எங்கள் அப்பா ரோச், சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். வெயிலிலும் உப்பிலும் வெந்து மகனை உங்களிடம் அனுப்பியிருக்கிறார். அவன் பரீட்சை எழுதப்போவது கம்ப்யூட்டரில். அதைப் பூட்டிவைத்துவிட்டுப் பென்சில் சீவிக் கொடுக்கிறீர்களே, உங்களுக்கே இது நல்லா இருக்கா?

ரெக்சன், நீ கேள். காலேஜ் விட்டதும் பொன்செல்வி அக்காவின் ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கிறேன். விடையைத் தொட்டால் மட்டும் போதாது. 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் நீ எழுதியது காற்றோடு போயிற்று. வலது பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். சேவ் ஆனது பச்சை. பார்த்துவிட்டு விட்டது சிவப்பு. தோணிக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு இருக்குமே, அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள். சிவப்பு நின்றால் திரும்பிப் போ.

உங்களுக்குத் தரும் கணக்குகளை எனக்கு எழுதி அனுப்பு. நானும் தோணிக்குப் பாய் விரிக்கப் போகிறேன். அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி மீன் அலசிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த இட்லியைத் தண்ணீரில் நனைத்துத் தின்.

உன் அக்கா,
விஜிலா

*

சேசு மரி சூசை

கயத்தாறு
8.12.2024

அன்புள்ள விஜிலாவுக்கு (அக்கா என்று எழுத மாட்டேன்), நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்குச் சுகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இந்தக் கடிதம் எஸ்றா சார் கைக்குப் போகாது. மெஸ்ஸில் வேலை பார்க்கும் சந்தனச்செல்வி அக்கா வெளியே தபால்பெட்டியில் போட்டுவிடுவாள். ஆனால் நீ எழுதுவதை அவர் பிரிக்காமல் விடமாட்டார். பார்த்து எழுது. போன கடிதத்தை அவர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். பயல்கள் கைதட்டிவிட்டார்கள். எனக்கு அன்று சாப்பாடு இல்லை.

தோணிக்குத் தோதான காற்று இல்லை, எல்லாம் எதிர்க்காற்று என்றுதானே "வாடையே இல்லை, கச்சான்தான்" என்று எழுதினேன்? அதைப் படித்துவிட்டு எஸ்றா சார் முதுகில் தட்டினார். "நம்ம ஹாஸ்டல்ல நாத்தமே இல்லன்னு வீட்டுக்கு எழுதியிருக்கான் பாருங்கலே, இவன் பிள்ளை!" என்றார். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தால் ஒரு நல்லது நடந்தது. லேபைத் திறந்தார்கள். மாதிரித் தேர்வு வைத்தார்கள். நான் எல்லாக் கேள்விக்கும் விடை போட்டேன். கட்டங்களைப் பார்த்தேன், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ரிசல்ட்டில் பாதிக் கேள்வி எழுதவே இல்லை என்று வந்தது. கடைசியிலிருந்து முதல் ஆள் நான். எஸ்றா சார் வாங்குப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினார். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும்.

கணக்குகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. கடைசிக் கணக்கு உனக்கு வராது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

ரெக்சன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
5.1.2025

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. அம்மா சுகம். அப்பா நேற்றுப் பயணம் போய்விட்டார். புது வருசம் பிறந்தும் உனக்குப் புத்தி பிறக்கவில்லை என்பதுதான் இங்கே செய்தி.

கடைசிக் கணக்கு எனக்கு வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்குள் முடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாய், தின்றாய், தூங்கினாய். பொன்செல்வி அக்கா கடைக்கு வா, ஒரு தடவை கம்ப்யூட்டரில் பழகு என்று கையைப் பிடித்து இழுத்தேன். தலைவலி என்றாய். குடில் ஜோடிக்கும்போது "பச்சை சீரியல் பல்பை எடுத்துத் தாய்யா" என்று அம்மா கேட்டாள். சிவப்பை எடுத்துக் கொடுத்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, வாங்கிப் பேசாமல் கட்டினாள். அவளுக்கு உன்மேல் இருக்கிற செல்லம் எனக்குத் தெரியாதா?

உனக்கு எதிலும் கவனம் கிடையாது. சேவ் செய்யாவிட்டால் கட்டம் சிவப்பாகவே நிற்கும் என்று அடித்துச் சொன்னேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தது என்று எழுதுகிறாய். கண்ணை என்ன பிடரியிலா வைத்திருக்கிறாய்? எட்டாம் வகுப்பு லீவில் அப்பா உன்னைத் தோணியில் கூட்டிக்கொண்டு போனபோதும் இதே கதைதான். எதிரில் வருவது சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்று கேட்டதற்கு ஏதோ உளறி அடி வாங்கி வந்தாய். எனக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் தோணியின் முன்முனையில், அணியத்தில் நின்று ஒவ்வொரு விளக்கையும் சொல்லியிருப்பேன். அணியத்தின் முனையைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்கு உரிமை இல்லை. உனக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், நீ காலால் எத்துகிறாய்.

அடுத்த கணக்குகளை அனுப்பு. சளி பிடித்திருந்தது, மருந்து குடித்தாயா?

விஜிலா

*

சேசு மரி சூசை

கயத்தாறு
19.1.2025

விஜிலாவுக்கு, சுகம். சளி போய்விட்டது.

கணக்குகள் பின்னால் இருக்கின்றன.

இனிமேல் நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை எழுதாதே. எழுதினால் நான் பதில் போடமாட்டேன்.

ரெக்சன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
9.2.2025

ரெக்சனுக்கு, அம்மா நலமில்லை. நானும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நிறத்தைப் பத்தி எழுதாதேன்னு எழுதிருக்கான், இவனுக்கு என்ன கிறுக்காம்மா?" என்றேன். அம்மா அருவாமனையை மடக்கி வைத்தாள். "ஏரல்ல ஒங்க மாமாவுக்கும் அப்படித்தாம்ளா. சேப்பும் பச்சையும் அவனுக்கு ஒண்ணுதான். அதனாலதான் கடலுக்குப் போவாம கடை வச்சான்" என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். குசினிக்குள் போய்விட்டாள்.

ஏலே, உனக்குத் தெரியும். நம் எல்லோருக்கும் முன்னால் உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு லீவிலேயே தெரியும்.

பொன்செல்வி அக்கா கடையில் விதிகளை எடுத்து வாசித்தேன். கப்பல் படிப்பில் சேரும் அன்று கண் பரிசோதனை உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ முதல் ராங்க் வாங்கினாலும் சரி, திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரிந்துகொண்டே இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் இங்கே வரவு செலவு எழுதிப் பழகுகிறேன். உன்னை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும் போலவும் இருக்கிறது. உன்னைக் கவனமில்லாதவன் என்று திட்டினேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

அப்பாவிடம் சொல். நீயே சொல். நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்.

விஜிலா

*

சேசு மரி சூசை

கயத்தாறு
16.3.2025

விஜிலா, உயிரோடு இருக்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

எஸ்றா சார் பிரிப்பார், பார்த்து எழுது என்று சொன்னேனா இல்லையா? பிரித்தார். படித்தார். அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா அப்போது தூத்துக்குடிக் கரையில்தான் இருந்தார், உனக்குச் சொல்லாமல் இங்கே வந்தார். நீ அவசரப்பட்டு எழுதியதால் வந்தது எல்லாம்.

ஆபீஸ் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எஸ்றா சார்தான் பேசினார். "பையன் கணக்குல இப்போ நல்லா வாரான். பரீட்சை எழுதட்டும். மெடிக்கல் ஒங்க பாடு, ராங்க் எங்க பாடு" என்றார். என் போட்டோவை பிளெக்ஸில் போட வேண்டுமாம். அப்பா தலையை ஆட்டினார். கண் சரியாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட் தர ஒரு டாக்டரைத் தெரியும் என்றார். வெளியே வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாள் சமாளிலே, பழகிரும். ஒங்க அக்காகிட்ட சொல்லிராத" என்றார்.

பழகிவிடுமாம்! நான் பழகாமலா இருந்தேன்? அன்றைக்குத் தோணியில் பொழுது அடைகிற நேரம், அணியத்தில் என்னை நிறுத்திச் சிவப்பா பச்சையா என்று கேட்டார். எனக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. பச்சை என்றேன். அறைந்தார். அடுத்ததற்குச் சிவப்பு என்றேன். மறுபடியும் அறைந்தார். அன்றிலிருந்து எனக்குக் கடலைக் கண்டாலே கன்னம் எரியும். மகன் ஆபீசராகப் போகிறான் என்று துறைமுகம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார். நான் என்ன சொல்ல? என் கண்ணுக்கு நானா பொறுப்பு?

இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதினாயே, வந்து உட்கார். எழுந்துகொள்ள விட்டால் இப்போதே எழுந்துகொள்வேன்.

ரெக்சன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
30.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு மகள் விஜிலா வணக்கம். அம்மாவும் நானும் சுகம். மாலேயில் உங்களுக்கும் தோணி ஆட்களுக்கும் சுகம்தானா? போன் போட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் மாசானம் அண்ணாச்சி போகிற தோணியில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

கப்பல் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு என் பெயரைப் பதிந்துவிட்டேன். மே கடைசியில் பரீட்சை. உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை, விவரம் சொல்கிறேன். இரண்டு வருசம் கேட்டாயிற்று.

பொம்பளை கால் பட்டால் தோணி விளங்காது என்றீர்கள். சரி. நான் தோணிக்கு வரவில்லை.

இரண்டாம் பக்கத்தையும் தயவுசெய்து படியுங்கள்.

ரெக்சனுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவனைத் திட்ட வேண்டாம். என்னைத் திட்டுங்கள். போன வருசம் மினிக்காய்த் தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கப்பல் உங்கள் தோணியை உரசுகிற மாதிரி போனது. வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினீர்கள். "மேல வாட்ச்ல நின்ன பய கண்ணு அவிஞ்சா போச்சு? எங்க வெளக்கு அவனுக்குத் தெரியலியா? பதினோரு பேரு உசிருலே!" என்று கத்தினீர்கள். அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா, கப்பல் மேலே விளக்கு பார்த்து நிற்கிற அந்த வாட்சில்தான் உங்கள் மகனை நிறுத்தப் போகிறீர்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் எதிரில் வருவது நேராக நம்மேல் வருகிறது என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள். அவனுக்கு இரண்டும் ஒன்று. எதிரில் வருவது உங்கள் தோணியாக இருந்தால்? பழகிவிடும் என்றீர்களாமே, எத்தனை தோணியைப் பார்த்துப் பழகுவான்?

மொட்டைமாடியில் நின்றுகொண்டு துறைமுகத்துக்குள் வரும் விளக்குகளைச் சிறுபிள்ளையில் ஒன்று விடாமல் சொன்னது யார்? நீங்கள்தான் கேட்டீர்கள், நான்தான் சொன்னேன். கண் இருக்கிறவள் பெண்ணாய்ப் பிறந்துவிட்டாள் என்பதற்காகக் கண் தெரியாதவனை அனுப்புவீர்களா? எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபத்துக்கு இந்தக் காகிதம் போதாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முட்டுவலி மருந்தை மறக்க வேண்டாம்.

விஜிலா

*

சேசு மரி சூசை

மாலே
21.4.2025

மகள் விஜிலாவுக்கு அப்பா ரோச் எழுதுவது. நானும் ஆட்களும் சுகம். முட்டுவலி அப்படியே இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் படித்தேன். இரண்டாம் பக்கம் படிக்கவில்லை. கிழித்துக் கடலில் போட்டுவிட்டேன்.

தகப்பனுக்கு விவரம் சொல்லுகிற அளவுக்கு வாய் வளர்ந்துவிட்டது. என்னைக் கப்பல்காரன் எல்லாம் மேலே நின்று "ஏய் தோணி" என்று கூப்பிடுவான். என் மகன் மேலே நிற்க வேண்டும் என்று நான் நினைத்தது குற்றமா? என் பேச்சு அதுதான். மாறாது.

ஒழுங்காக பி.காம். படி. பரீட்சைக்குப் போனாய் என்று தெரிந்தால் வீட்டுப் படி ஏறாதே. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

மழைக்கு முன்னால் கூரை ஓட்டை பார்க்கச் சொல்.

அப்பா

*

சேசு மரி சூசை

ஏரல்
8.6.2025

அன்புள்ள விஜிலாவுக்கு ரெக்சன் எழுதுவது. நான் சுகம், நிஜமாகவே சுகம். மாமா கடையில் இருக்கிறேன். போனை ஹாஸ்டலில் இருந்து இன்னும் வாங்கவில்லை, எஸ்றா சார் முகத்தில் விழிக்க மனமில்லை. அதனால் பழக்கத்தில் எழுதுகிறேன். நீ பரீட்சை எழுதினாய் என்று மாமா சொன்னார். மீன் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மா உன்னைத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற்றினாளாமே. நம் அம்மா பேபி பெரிய ஆள்தான்!

என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹாலில் உட்கார்ந்தேன். கணக்குகளைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எல்லாமே வந்தது. விஜி, எனக்குக் கணக்கு பிடித்திருக்கிறது. கணக்கில் நிறம் கிடையாது. ஆனால் ஒன்றைக்கூட நான் சேவ் செய்யவில்லை. ஒன்றையும் சேவ் செய்யாவிட்டால் எல்லாக் கட்டமும் ஒரே நிறம்தானே? அன்றைக்குத்தான் நான் பார்த்ததும் மற்றவர்கள் பார்த்ததும் ஒன்று.

வெளியே வந்து எஸ்றா சாரிடம் சொன்னேன். பிளெக்ஸ் அடித்தாகிவிட்டதே என்று தலையில் கைவைத்தார். மெடிக்கல் என் பாடு, ராங்க் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு ஏரல் பஸ்ஸில் ஏறினேன்.

போன வாரம் அப்பா இங்கே வந்தார். கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டிக் கத்தினார். "வெளங்காத பயலே, எம் மானத்த வாங்கிட்டியே" என்றார். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடை முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கின. திடீரென்று ஒன்றைப் பிடித்து, "இது என்ன கலருலே?" என்றார். சொன்னேன். "இது?" சொன்னேன். "இது?" சொன்னேன். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "அத்தான், எங்கிட்டயும் கேளுங்க" என்றார். அப்பா குடத்தை மாட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

உனக்கு ரிசல்ட் வந்ததும் எழுது. அம்மாவுக்கு முத்தம்.

ரெக்சன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
22.6.2025

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

பாஸாகிவிட்டேன். ராங்க் நல்ல ராங்க். அடுத்த மாதம் மெடிக்கல். பொன்செல்வி அக்கா கடையில் கத்தின கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். எல்லாக் கணக்கும் வந்தது, சேவ் செய்யவில்லையாம். பெரிய தியாகி! கணக்கு பிடித்திருக்கிறது என்றால் போய்க் கணக்கு பி.எஸ்.சி.யில் சேர். சேராமல் குடம் விற்றுக்கொண்டிருந்தால் ஏரலுக்கே வந்து உதைப்பேன்.

இந்த வருசப் பயணம் முடிந்து அப்பா வீட்டில்தான் இருக்கிறார். படி ஏறாதே என்று எழுதினாரே தவிர என்னைத் துரத்தவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. நான் சோறு வைத்தால் சுவரைப் பார்த்துத் தின்கிறார். ரிசல்ட்டைச் சொன்னேன். லேஞ்சித் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். எனக்கு அவர் கையெழுத்து வேண்டாம், பதினெட்டு முடிந்துவிட்டது. ஆனாலும் தண்டல் மகளாகப் பிறந்து, அப்பா தோணியில் ஒரு தடவை கால் வைக்காமலே கப்பலுக்குப் போவேன் என்றால் அது எனக்குக் காலத்துக்கும் ஆறாது. அவர் ஏற்ற மாட்டார். நான் கேட்கவும் மாட்டேன்.

விஜிலா

*

சேசு மரி சூசை

வீட்டிலிருந்து
26.6.2025

மகள் விஜிலாவுக்கு அப்பா ரோச் எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். பேச வாய் வரவில்லை, அதனால் எழுதி மேசையில் வைக்கிறேன்.

உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அம்மாவைப் பொய் சொல்ல வைத்தாய். தகப்பன் பேச்சை மீறினாய். அதை நான் மறக்கப் போவதில்லை.

இரண்டாம் பக்கத்தைக் கிழித்துக் கடலில் போட்டேன் என்று எழுதியது பொய். என்னிடம்தான் இருக்கிறது. ரெக்சன் சர்ட்டிபிகேட்டுக்காக டாக்டரிடம் நான் போகவில்லை.

நாளை மறுநாள் தோணியைப் பழுது பார்க்கக் கரையேற்றும் இடத்துக்குக் கொண்டுபோகிறோம். அதற்கு முன்னால் நாளை துறைமுக வாய் வரை ஒரு ஓட்டம் போய்வர வேண்டும். திரும்பும்போது பொழுது அடைந்துவிடும். கப்பல்கள் உள்ளே வருகிற நேரம். எனக்கு இப்போது தூரத்து விளக்கு கலங்கித் தெரிகிறது. இதை யாரிடமும் சொல்லாதே.

அணியத்தில் நிற்க ஆள் வேண்டும். சிவப்பா பச்சையா என்று நான் கேட்பேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மாசானமும் துறைமுகத்தில் மற்றவர்களும் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும், நான் தண்டல்.

நாலு மணிக்குப் பழைய துறைமுகத்துக்கு வா. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு.

அப்பா